ஓவியமும் அங்காடியும்: மோசஸ் அம்மையாரின் படைப்புக்கள் பற்றிய ஓர் ஆய்வு

சங்க நூல்களுள் ஒன்றாகிய மதுரைக்காஞ்சி, மதுரை மாநகரின் அங்காடித் தெருக்களை வருணிக்குமிடத்து, சங்கறுத்து வளையல் செய்வோர், மணிகளைத் துளையிடுவோர், பொன்வினைஞர், ஆடை விற்போர் முதலியோரோடு ஓவியரையும் ஒருங்குசேர்த்துக் கூறுகின்றது. அவர்களுக்கு அந்நூல் வழங்கும் பெயர் கண்ணுள் வினைஞர் என்பதாகும். பார்ப்போர் கண்ணிடத்தே தமது தொழிலை நிலைபெறச் செய்வோர் என்பது அப்பெயருக்கு நச்சினார்க்கினியர் உரைக்கும் பொருள். இவ்விடத்து இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, ஓவியன் அங்காடியில் நிற்பதைப் பண்டைத் தமிழ்ப் புலவன் இழிவாகக் கருதவில்லை என்பது. மற்றையது, அங்காடியில் நின்றபோதும் அவன் தொழில் நிறைவெய்தும் இடம் பணப்பையன்று, காண்பவன் கண்ணே என்பது.

பிற்காலத்தில் இவ்விரு செய்திகளும் ஒன்றற்கொன்று பகையானவை என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே கலை கலைக்காகவே என்னும் கொள்கை எழுந்த காலந்தொட்டு, விற்பனையை நினைத்துத் தூரிகை எடுப்பவன் கலைஞன் அல்லன் என்று பேசுதல் வழக்கமாயிற்று. தொழில்முறை ஓவியனையாவது, வயிற்றுப்பாடு கருதி உலகம் ஒருவாறு மன்னித்துவிடுகின்றது. அமெச்சூர் எனப்படும் ஓவியனுக்கோ அம்மன்னிப்பும் இல்லை. அமெச்சூர் என்னும் பிரெஞ்சுச் சொல் அன்பு செய்பவன் எனப் பொருள்படும் இலத்தீன் அடியினின்றும் பிறந்தது. அன்பினால் மட்டும் வரைய வேண்டியவன் விலை கூறத் தொடங்கினால் அன்பு போய்விடும் என்பதும், அன்பு போனால் அவனிடம் எஞ்சுவது பயிற்சியற்ற கை மட்டுமே என்பதும் அவனுக்கு எதிராகச் சொல்லப்படும் வழக்கின் சாரம்.

இவ்வழக்கு உண்மைதானா என்பதைக் கொள்கையளவில் வாதிட்டுத் தீர்த்தல் அரிது. விற்பதற்கென்று படங்களை ஆயத்தஞ் செய்த ஓர் அமெச்சூர் ஓவியரின் செயலையும் படைப்பையும் அருகிருந்து நோக்குதல் அதனினும் பயனுடையது. அத்தகைய நோக்கிற்கு அமெரிக்க நாட்டு அன்னா மேரி றொபேட்சன் மோசஸ் அம்மையாரைப் பார்க்கிலும் பொருத்தமானவர் ஒருவர் கிடைப்பது கடினம்.

1860ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆந் தேதி, நியூயோர்க் மாநிலத்தின் கிறீனிச் என்னும் சிற்றூரிலே, ஒரு கமக்காரர் குடும்பத்தில் அவர் பிறந்தார். சிறுவயதில் தந்தையார் வாங்கிக்கொடுத்த தாளிலே கொடிமுந்திரிச் சாற்றையும் பழச் சாறுகளையும் வண்ணமாகக் கொண்டு வரைந்து மகிழ்ந்தார். பன்னிரண்டாம் வயதில் பிறர் வீட்டு வேலைக்குச் சென்றார். 1887இல் தோமஸ் மோசஸ் என்பாரை மணந்து வேர்ஜீனியாவில் நிலம் பயிரிட்டார். 1905இல் மீண்டும் நியூயோர்க் மாநிலத்துக்கு வந்து ஈகிள் பிறிட்ஜ் என்னும் இடத்தில் குடியமர்ந்தார். பிறந்த பிள்ளைகள் பதின்மருள் ஐவரே குழந்தைப் பருவங் கடந்து பிழைத்தனர். வேர்ஜீனியாவில் வாழ்ந்த நாளில் அவர் வெண்ணெய் கடைந்து விற்றதும், உருளைக்கிழங்கைச் சீவிப் பொரித்து விற்றதும் அவர்தம் கலையை ஆராய்வோர் மறத்தலாகாத செய்திகள். தம் கையாற் செய்ததை நல்லதாகச் செய்து, அதற்குரிய விலையைக் கேட்டுப் பெறுதல் அவருக்கு ஓவியத்தோடு வந்த பழக்கமன்று. அதற்கு நெடுங்காலம் முந்திய வாழ்க்கை முறை.

ஓவியம் அவர் வாழ்விற் புகுந்த வழியும் இத்தகையதே. 1918இல் வீட்டுச் சுவருக்குத் தாள் ஒட்டியபோது தாள் போதாமற் போகவே, கணப்படுப்பின் வாயை மறைக்கும் பலகையில் ஒரு நிலக்காட்சியைத் தீட்டி அக்குறையை நிறைவு செய்தார். கணவர் 1927இல் இறந்தார். அதன் பின்னர்க் கம்பளி நூலாற் காட்சிகளைத் தைத்து உற்றாருக்கு வழங்கினார். மூட்டுவாதத்தால் ஊசி பிடிக்க இயலாதபோது, தூரிகை பிடித்தல் எளிதாகுமென்று சகோதரி கூறிய யோசனையை ஏற்றார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அயலூர்க் கண்காட்சியொன்றுக்குத் தாம் காய்ச்சிய பழப்பாகையும் தாம் தீட்டிய படங்களையும் ஒருங்கே அனுப்பினார். பழப்பாகு பரிசு பெற்றது. படங்களை எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஹூசிக் போல்ஸ் என்னும் ஊரிலே ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிச் சாளரத்தில் அப்படங்கள் வைக்கப்பட்டன. அளவுக்கேற்ப விலை மூன்று டொலர் முதல் ஐந்து டொலர் வரை.

1938இல் அவ்வழியே வந்த லூயி கல்டோர் என்னும் பொறியியலாளர், ஓவியங்களைச் சேகரிக்கும் விருப்பினர், சாளரத்திலிருந்த படங்கள் அனைத்தையும் வாங்கினார். அத்துடன் அமையாது ஓவியரின் வீட்டையும் தேடிச் சென்றார். அம்மையார் அப்போது வீட்டில் இல்லை. மருமகளார், இன்னும் பத்துப் படங்கள் இருக்குமென்று கூறிவிட்டார். கல்டோர் மறுநாள் வருவதாகச் சொல்லிச் சென்றார். அம்மையார் வந்து தேடிப் பார்த்தபோது கிடைத்தவை ஒன்பதே. சொன்ன சொல் பொய்க்கலாகாது என்று கருதிய அவர், பெரிய படம் ஒன்றை இரண்டாக வெட்டி, இரு துண்டுகளுக்கும் சட்டமிட்டுப் பத்தென்னும் தொகையை நிரப்பினார். மறுநாள் வந்தவர் பத்தையும் பெற்றுச் சென்றார்.

இந்நிகழ்ச்சியை அம்மையாரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவுமறைவின்றிக் கூறியுள்ளார். கேட்போர் நகைப்பர். ஆயினும், அமெச்சூர் ஓவியருக்கு எதிரான வழக்கினை நடத்துவோருக்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டியதில்லை. தன் படைப்பைத் துணி கிழிப்பதுபோல் வெட்டி விற்றவர் கலைஞராதல் எங்ஙனம்? இவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. இதற்கு விடை காண வேண்டுமாயின், அவர் படங்களை எவ்வாறு ஆயத்தஞ் செய்தார் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பயிற்சி பெற்ற ஓவியர் படத்தை வரைந்து முடித்த பின்னரே சட்டத்தைத் தேடுவர். மோசஸ் அம்மையாரோ முதலிற் சட்டத்தைத் தேடினார். பழைய சட்டம் ஒன்று கிடைத்தபின், அதற்குப் பொருந்துமாறு மரநாரை அழுத்திச் செய்த பலகையை அறுத்துக்கொண்டார். துணியைக் காட்டிலும் அப்பலகை நெடுநாள் உழைக்குமென்பது அவர் கருத்து. பலகைக்கு முதலில் ஆளிவிதை எண்ணெய் பூசுவார். பின்னர், பலகையின் கருநிறம் மறையும்வரை, பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சினை மும்முறை பூசுவார். வெண்மையான தளத்தின்மேற் பூசும் வண்ணம் குறைவாகவே செலவாகும், ஒளியும் மங்காது. பின்னர் வானம், அதன்கீழ் மலைகள், அதன்கீழ்க் குன்றுகள், மரங்கள், வீடுகள், கால்நடைகள், இறுதியில் மனிதர் என மேலிருந்து கீழாக வரைந்து செல்வார். பல படங்களை ஒருங்கே தொடங்கி, ஒரு வண்ணத்தைக் குழைத்தபோதே அதனை எல்லாப் படங்களிலும் வேண்டிய இடங்களிற் பயன்படுத்தலும் உண்டு. முடிந்த படத்தின் பின்புறத்திற் பெயரும் எண்ணும் தேதியும் எழுதிய சீட்டினை ஒட்டும் வழக்கமும் பின்னர் ஏற்பட்டது.

இச்செயல் முறையில் வீட்டுப் பெண்ணின் சிக்கனம் தெளிவாகத் தெரிகின்றது. அதனோடு வேறொன்றும் தெரிகின்றது. வாங்குபவன் வீட்டிலே பொருள் பழுதுறாமல் நிலைக்க வேண்டும் என்னும் பொறுப்பே அது. வெண்ணெயிலும் பழப்பாகிலும் காட்டிய அதே பொறுப்பு வண்ணத்திலும் தொடர்ந்தது. தனக்காக மட்டும் வரைபவன் தளத்தை எண்ணெய் தடவிப் பதப்படுத்தாமலே விட்டுவிடலாம்; வண்ணம் வெடித்தால் நட்டம் அவனுக்கே. பிறருக்கென ஆயத்தஞ் செய்பவன் அங்ஙனம் விடுதல் இயலாது. எனவே, விற்பனை என்னும் எண்ணம் இவ்வம்மையாரிடம் முதலிற் கொணர்ந்தது பேராசையன்று, தொழில் ஒழுக்கமே எனல் பொருந்தும்.

சட்டத்தை முதலிற் கொள்ளுதல் படத்தின் அமைப்பிற்கும் துணையாயிற்று. எல்லை இன்னதென்று அறிந்த பின்னரே நினைவு அதனுள் தன்னை ஒழுங்கு செய்துகொண்டது. அவர் தீட்டியவை பெரும்பாலும் கண்முன் நின்ற காட்சிகளல்ல. முப்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கண்ட அறுவடை, பனிக்காலப் பயணம், சவர்க்காரம் காய்ச்சுதல், பண்டிகைக்கு வான்கோழி பிடித்தல் ஆகியவையே அவை. எல்லையற்ற நினைவுக்கு ஒரு பழைய சட்டம் கரையிட்டது.

இனி, மூல ஓவியம் என்னும் தொடரை ஆராய்தல் வேண்டும். வாணிகத்தில் அத்தொடர் அச்சுப்படி அல்லாதது, ஓவியன் கையாலேயே தீட்டப்பட்டது எனப் பொருள்படும். திறனாய்விலோ, பிறரிடம் இரவல் பெறாதது, ஓவியன் உள்ளத்தினின்றே தோன்றியது என்னும் பொருள் அதற்குண்டு. முதற்பொருளில் மோசஸ் அம்மையாரின் படங்கள் ஐயத்துக்கிடமின்றி மூல ஓவியங்களே. இரண்டாம் பொருளிற் கூறுமிடத்துத் தயக்கம் எழுகின்றது. அவர் செய்தித்தாள்களிலும் சஞ்சிகைகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் வந்த படங்களைக் கத்தரித்துச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றிலுள்ள குதிரை, வண்டி, வீடு, சிறுவர் உருவங்களைப் பலகைமீது வைத்துக் கோடிட்டுப் படியெடுத்தார். தொடக்க காலத்துப் படங்களுட் சில, கரியர்–ஐவ்ஸ் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிட்ட மலிவு அச்சுப் படங்களைத் தழுவியவை.

சர்க்கரை காய்ச்சும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திற் பதநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி செய்வது போல, அப்பிரதேசத்தார் பனிக்காலத்தின் கடைக்கூற்றில் மேப்பிள் மரத்தின் சாற்றைச் சேகரித்துக் காய்ச்சிச் சர்க்கரை செய்வர். கரியர்–ஐவ்ஸ் நிறுவனம் இக்காட்சியை முன்னரே அச்சிட்டுப் பரப்பியிருந்தது. அம்மையார் இப்பொருளைப் பன்முறை தீட்டினார். 1943இல் தீட்டிய படம் அவற்றுட் புகழ் மிக்கது. அதிலே வாளி சுமப்போர், தீயின்மேற் கொதிக்கும் கொப்பரை, பனியின்மேல் ஊற்றிய பாகு இறுகுவதை எதிர்பார்த்து நிற்கும் சிறுவர் எனப் பல குழுவினர் காணப்படுகின்றனர். ஒவ்வோர் உருவத்தையும் தனித்து எடுத்து நோக்கின், அது தட்டையானது, பொம்மை போன்றது, நிழலற்றது. இரவல் பெற்ற உருவங்களின் இயல்பு அதுவே. ஆயின், அவ்வுருவங்கள் நிற்கும் நிலம் இரவல் அன்று. அண்மையில் அழுத்தமாகத் தோன்றும் வண்ணம் தொலைவு செல்லச் செல்ல மெலிந்து, மலைகள் நீலமும் சாம்பலுமாகக் கரைந்து வானத்தோடு கூடும் முறையை எந்தச் சஞ்சிகைத் துண்டும் அவருக்குக் கற்பிக்கவில்லை. பனியின் வெண்மை ஒருதன்மைத்தன்று என்பதையும் அவர் கண்டிருந்தார். நெடுங்காலம் அந்த நிலத்திலே பால் கறந்தும் துணி உலர்த்தியும் வானிலையை நாள்தோறும் நோக்கி வாழ்ந்த கண்ணின் அறிவு அது. உருவம் அச்சுத் தாளினின்றும் வந்தது. காற்றும் குளிரும் வாழ்வினின்றும் வந்தன. மூலத்தன்மை என்பது எதனையும் பிறரிடமிருந்து கொள்ளாமையன்று. கொண்டதனைத் தான் கண்டதன் நடுவே நிறுத்துதல் என்பதே இப்படங்கள் உணர்த்தும் உண்மை.

இவ்வாறு நோக்கியபின், வெட்டப்பட்ட படத்தைப் பற்றிய வினாவுக்கு மீளலாம். அளவுப் பொருத்தத்தால் உயிர்பெறும் ஓவியம் ஒன்றை இரண்டாக வெட்டினால் அது அழிந்துவிடும். நடுவே இருக்கும் முகமோ விளக்கோ பிளவுபட்டால் எஞ்சுவது ஒன்றுமில்லை. மோசஸ் அம்மையாரின் படங்களுக்கு அத்தகைய நடுவில்லை. திருவிழாக் கூட்டத்தை நோக்குபவன் கண் ஓரிடத்தில் நில்லாது அலைவது போல, அவர் படத்தைக் காண்பவன் கண்ணும் ஒரு நிகழ்ச்சியினின்றும் மற்றொரு நிகழ்ச்சிக்குச் சென்றுகொண்டேயிருக்கும். ஆகவே, அவர்தம் படத்தின் பாதியும் ஒரு படமாக நிற்க வல்லது. கத்தியை எடுத்த கை தன் கலையின் இயல்பை அறியாமலே அறிந்திருந்தது எனலாம். ஆயினும், இது புகழ்ச்சி மட்டுமன்று. பாதியாக வெட்டியும் குறைவு தோன்றாத படத்தில், முழுமைக்கே உரிய இறுக்கம் இல்லை என்பதும் இதனாற் பெறப்படும். அவர் கலையின் இன்பமும் எல்லையும் அந்த வெட்டுவாயில் ஒருங்கே தெரிகின்றன.

பின்னைய வரலாறு பலரும் அறிந்தது. 1939இல் நியூயோர்க் நகரின் நவீனகலை நூதனசாலை, அங்கத்தினர் மட்டும் காணும் கண்காட்சியொன்றில் அவர் படங்கள் மூன்றினை வைத்தது. வியன்னாவிலிருந்து வந்து நியூயோர்க்கிற் கலைக்கூடம் நடத்திய ஒற்றோ கலிர் என்பார், 1940 ஒக்டோபரில் அவர் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார். அவ்வாண்டு நவம்பரிற் பெருங்கடையொன்றின் விழாவுக்கு அழைக்கப்பட்ட அம்மையார், கூடியிருந்தோரிடம் ஓவியத்தைப் பற்றியன்றிப் பழப்பாகு காய்ச்சும் முறையைப் பற்றியே பேசினார். 1940களின் பிற்பகுதியில் அவர் படங்கள் வாழ்த்து அட்டைகளாக வீடுதோறும் சென்றன. 1949இல் ஜனாதிபதி ட்றூமன் கையாற் பரிசு பெற்றார். 1961 டிசெம்பர் 13ஆந் தேதி, நூற்றொரு வயதில் மறைந்தபோது அவர் தீட்டியிருந்த படங்கள் 1,500க்கு மேற்பட்டன.

இத்துணைப் பெருந்தொகை திறனாய்வாளனை எச்சரிக்கின்றது. வாங்குவோர் தாம் முன்னர்க் கண்டு விரும்பிய பொருளையே மீண்டுங் கேட்டனர். சர்க்கரை காய்ச்சும் படம் வேண்டும், சதுரக் கட்டமிட்ட பழைய வீட்டின் படம் வேண்டும் என்று வேண்டுகோள்கள் வந்தன. அவரும் இணங்கினார். அங்ஙனம் தோன்றியவற்றுட் சில, கை மட்டும் வேலை செய்த படங்களே. மரங்கள் இருக்கின்றன, பனி இருக்கின்றது, குளிர் இல்லை. இதனை மறைத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையன்று. எனினும், நல்லனவற்றில் அவர் ஒரு பொருளை ஒருமுறை போல் மறுமுறை தீட்டவில்லை. வீடு அதுவே; ஒன்றில் வேனில், மற்றொன்றிற் பனி. குதிரைகள் அவையே, செல்லும் வழி வேறு. அங்காடி கேட்டது பொருளை. அவர் ஒவ்வொரு முறையும் தேடியது நாளை, இன்ன பருவத்தின் இன்ன பொழுதை. கேட்டதைக் கொடுத்துக்கொண்டே கேளாததையும் உடன்கொடுத்த இடங்களில் அவர் வென்றார். கேட்டதை மட்டும் கொடுத்த இடங்களில் அங்காடி வென்றது.

அங்காடி சரியாக எட்டாத ஓவியரின் நிலையையும் இங்கு ஒப்பிட்டு நோக்குதல் நன்று. இங்கிலாந்தின் மேற்குக் கோடியிலுள்ள சென் ஐவ்ஸ் என்னும் மீன்பிடி ஊரில் வாழ்ந்த அல்பிரட் வலிஸ், 1855இற் பிறந்தவர். கடற்றொழிலாளராகவும் பழம்பொருள் வணிகராகவும் இருந்தவர். மனைவி இறந்தபின், எழுபது வயதளவில், தனிமை நீங்கப் படம் தீட்டத் தொடங்கினார். பெட்டிகளிற் கிழித்தெடுத்த அட்டைகளே அவருக்குத் தளம். படகுகளுக்குப் பூசும் வண்ணமே வண்ணம். 1928இல் பென் நிக்கல்சன், கிறிஸ்தோபர் வுட் என்னும் ஓவியர் இருவர் அவரைக் கண்டறிந்தனர். கலையறிந்தோர் சிலர் சிறு தொகைக்கு அவர் படங்களை வாங்கினர். கோணலான அட்டையின் வடிவையே கடலின் சாய்வாக மாற்றிய அவர்தம் கலை, இறுக்கத்தில் மோசஸ் அம்மையாரின் கலையை விஞ்சி நிற்பது. அவர் படம் ஒன்றினை வெட்டி இரண்டாக்குதல் இயலாது. ஆயினும், அவர் 1942இல் வறியோர் இல்லத்திலே உயிர் நீத்தார். அங்காடி கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர், அங்காடி புறக்கணித்த கலைஞன் எவ்வாறு வாழ்ந்து மறைந்தான் என்பதையும் எண்ணிப் பார்த்தல் அறமாகும். தூய கலையின் பெயரால் அவன் வறுமையைப் போற்றுதல், அவ்வறுமையைத் தான் ஏற்காதவனுக்கு எளிது.

விலையைக் கொண்டு தரத்தை அளத்தலும் இதற்கு எதிர்ப்புறத்துப் பிழையாகும். மருந்துக்கடைச் சாளரத்தில் ஐந்து டொலருக்கு மேற்போகாத கையின் படைப்பாகிய 1943ஆம் ஆண்டுச் சர்க்கரைப் படம், 2006இற் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட விலைக்கு ஏலம் போயிற்று. இவ்விரு விலைகளுள் எதுவும் அப்படத்தின் பனியை ஒரு துளியேனும் வெண்மையாக்கவில்லை, மங்கச் செய்யவுமில்லை. மூன்று டொலர் என்று கூறியபோது அம்மையார் தம் கலையைத் தாழ்த்தவில்லை. பலகைக்கும் வண்ணத்துக்கும் உழைப்புக்கும் தாம் அறிந்த அளவில் நேர்மையான விலையையே கூறினார். பின்னாளைப் பெருவிலை அவரை உயர்த்தவுமில்லை.

ஆகவே, அமெச்சூர் ஓவியர் தம் படங்களை விற்க முற்படுதல் கலைக்கு இழுக்காகுமா என்னும் வினாவுக்கு மோசஸ் அம்மையாரின் வாழ்வும் படைப்பும் தரும் விடை தெளிவானது. பலகையின் அளவை அங்காடி குறிக்கலாம். பொருளின் பெயரையும் குறிக்கலாம். ஒன்பதைப் பத்தாக்குமாறும் நெருக்கலாம். தொலைவு மலையின் நீலம் எத்தகையது என்பதை மட்டும் அதனாற் குறித்தல் இயலாது. அதனை அறிந்தவர் அந்நிலத்தில் வாழ்ந்தவரே. அவ்வறிவைக் கைவிடாதவரை ஓவியர் அங்காடியில் நிற்கலாம். மதுரைத் தெருவில் நின்ற கண்ணுள் வினைஞரைப் போலவே, அவர் பொருளை விற்றுவிட்டு வீடு திரும்பிய பின்னரும் அவர் தொழில் காண்பவர் கண்ணில் நின்றுவிடும்.